வசனம் எடுத்துக் கொடுத்தவள்

ஜெபகுமாரி இப்போதும் அஞ்சுகிராமத்தில்தான் இருக்கிறாள். பேருந்தை விட்டு இறங்கி, "சீரியல்காரி வீடு எது?" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். போனால் சைகையால் உட்காரச் சொல்வாள். தங்கை இசபெல் காப்பி கொண்டுவந்து வைப்பாள். டிவியில் பார்த்த அதே முகம்தான், சந்தேகமே வராது.

ஆனால் பேச மாட்டாள். ஒரு வார்த்தைகூட.

தொண்டையில் நோய் ஒன்றும் இல்லை. நாகர்கோவிலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். திருவனந்தபுரத்திலும் பார்த்தார்கள். "எல்லாம் நல்லா இருக்கு, மனசுல ஏதாவது அதிர்ச்சியா?" என்று கேட்டார்கள். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, டாக்டருக்குப் புரியவில்லை.

இது நடந்தது பட்டப்பகலில். நடந்த இடத்தில் ஒரு கூட்டமே இருந்தது. கேமராக்காரர்கள், லைட் பிடிப்பவர்கள், சமையல்காரர்கள், எல்லோரும் இருந்தார்கள். இன்றைக்கும் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்கலாம். "ஆமா, அந்த அக்காவுக்கு ஷூட்டிங்ல வச்சுப் பேச்சு நின்னுபோச்சு" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. ஏனென்றால், அங்கே இருந்த ஒரு கதவுக்குப் பக்கத்தில் நின்றது அவள் ஒருத்திதான்.

அவளுடைய குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதனாக நடித்தாள். பாதி நாடகத்தில் மைக் நின்றுவிட்டது. பெரியவர்கள் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் பாட்டுக்கு வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே சைக்கிளோடு நின்றவர்களுக்கும் கேட்டது. கனமான குரல். வெண்கலப் பாத்திரத்தைத் தட்டினால் சத்தம் கொஞ்ச நேரம் நிற்குமே, அதுபோல அவள் நிறுத்திய பிறகும் நிற்கும்.

அந்தக் குரலை நம்பித்தான் நாடகக் குழுவில் சேர்ந்தாள். வீட்டில் சண்டை. சபையில் முணுமுணுப்பு. பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. அவள் கவலைப்படவில்லை. குலசேகரத்தில் ஒரு நாள், ஈத்தாமொழியில் ஒரு நாள், கோயில் கொடையும் சர்ச் திருவிழாவுமாக மேடை மேடையாக ஏறினாள். ராணியாக, விதவையாக, பிள்ளையைப் பறிகொடுத்தவளாக நடித்தாள். அவள் அழுகிற காட்சியில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார்கள்.

பிறகு சென்னையில் சீரியல் வாய்ப்பு வந்தது. முதல் நாளே இயக்குநர் சிரித்தார்.

"என்னம்மா, பாட்டு பாடுறீங்க? தமிழ்ல பேசுங்க."

அவள் தமிழில்தான் பேசியிருந்தாள். ஆனால் அது நாஞ்சில் நாட்டுத் தமிழ். ஏறும், இறங்கும், நீளும். அவர்களுக்கு அது மலையாளம்போலக் கேட்டது. "முகம் இருக்கட்டும், குரலை மாத்திடலாம்" என்று முடிவு செய்தார்கள். பெரம்பூரில் பிறந்து வளர்ந்த ஷெர்லி என்ற பெண் டப்பிங்கில் அவளுக்காகப் பேசினாள். அந்த சீரியலுக்கு மட்டும் என்றார்கள். எல்லா சீரியலுக்கும் ஷெர்லியே பேசினாள்.

ஒருமுறை நாகர்கோவில் பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண் அவளை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே அந்த மாமியாரு?" ஜெபகுமாரிக்குப் பூரிப்பு. "ஆமாம்மா, நான்தான்" என்றாள். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "இல்ல… அவங்க கொரல் வேற மாதிரில்லா இருக்கும்" என்று கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஜெபகுமாரி பேருந்தில் வாய் திறப்பதில்லை.

வருஷங்கள் போயின. மாமியார் வேஷம் போய்ப் பெரியம்மா வேஷம் வந்தது. பெரியம்மா போய்ப் பாட்டி வந்தாள். கடைசியாக ஒரு சீரியலில் அவளைச் சாகடித்தார்கள். சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்கவிட்டார்கள். கதாநாயகி தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று அழுவாள். ஜெபகுமாரி அஞ்சுகிராமத்தில் தங்கை வீட்டில் உட்கார்ந்து, தன் படத்துக்கு யாரோ அழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு யாரும் கூப்பிடவில்லை.

அப்போதுதான் எட்சன் கூப்பிட்டான்.

எட்சன் கருங்கல்காரன். சென்னையில் இயக்குநராகி முதல் சீரியல் எடுக்கிறான். கதை நடப்பது நம் ஊரில். தங்கம்மை என்ற தாய்தான் கதையின் மையம்.

"அக்கா, சின்னப் பிள்ளையில ஒங்க நாடகத்தப் பாத்து நான் பயந்து அழுதேன், தெரியுமா? இந்தத் தங்கம்மைக்கு ஒங்க கொரல்தான் வேணும். டப்பிங்கும் நீங்களே பேசணும். வேற ஆரும் பேசப்பிடாது."

அவள் சரி என்றாள். போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், இசபெல்லிடம், "ஏட்டி, எனக்க கொரலாம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

படப்பிடிப்புக்குப் பிடித்த வீடு பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. பழைய வீடு. ஓடு மாற்றி, முன்பக்கம் தகரக் கூரை இறக்கியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஷார்ஜாவில். வீட்டைப் பார்த்துக்கொள்ள குமாரதாஸ் என்று ஒருவர் இருந்தார். மழைக்காலம். ரப்பர் மரங்களுக்குக் கீழே பகலிலும் சாயங்கால வெளிச்சம்தான்.

கூடத்தின் கடைசியில் ஒரு கதவு. கறுத்த அயினி மரப் பலகையில் செய்த கனமான கதவு. பெரிய பூட்டு தொங்கியது.

எட்சனுக்கு அந்தக் கதவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "இதுக்கு முன்னாலதான் தங்கம்மைக்கு எல்லா சீனும்" என்றான்.

முதல் நாள் காட்சி இதுதான். மகன் அறைக்குள் கதவை அடைத்துக்கொள்கிறான். தாய் வெளியே நின்று கதவைத் தட்டிக் கெஞ்சுகிறாள். கதைப்படி இரவு. ஆனால் எடுத்தது காலை பதினொரு மணிக்கு. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி, சந்துகளில் சாக்கு அடைத்தார்கள். வெளியே பகல். உள்ளே கும்மிருட்டு. ஒரே ஒரு விளக்கு, கதவின் மேல் நீல வெளிச்சம்.

சீரியலில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் நின்று வரி வரியாக எடுத்துக் கொடுப்பார். அதைக் கேட்டுக் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சத்தமும் பதிவாகும். பரவாயில்லை, பிறகு டப்பிங்கில் புதிதாகப் பேசிச் சேர்த்துவிடுவார்கள். இங்கே எடுத்துக் கொடுப்பவன் வினோஜ்.

காட்சி ஆரம்பித்தது. மழையும் ஆரம்பித்தது.

தகரக் கூரையில் கல்லைக் கொட்டியதுபோலச் சத்தம். ஜெபகுமாரி கதவைத் தட்டினாள். "மக்கா, தொற. அம்மா ஒரு வார்த்தை பேசணும்." அடுத்த வரிக்குக் காதைத் தீட்டினாள். வினோஜின் குரல் கேட்கவில்லை.

ஆனால் வரி வந்தது.

தாழ்ந்த குரல். பெண் குரல். மழைக்குள்ளும் தெளிவாக, பக்கத்தில்.

"தொறந்து விடு… நான் ஆருட்டயும் பறையமாட்டேன்…"

ஜெபகுமாரி அப்படியே சொன்னாள்.

"எனக்க பிள்ளையாண சத்தியம்… இனி நான் வாயே தொறக்கமாட்டேன்…"

அதையும் சொன்னாள். சொல்லும்போதே அவள் உடம்பு நடுங்கியது. நடிப்பென்று அவளே நினைத்தாள். நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு, நகத்தால் பலகையைக் கீறியபடி சரிந்து உட்கார்ந்தாள்.

"கட்!"

யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் கை தட்டினார்கள்.

எட்சன் ஓடி வந்தான். "அக்கா, இதெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க? எழுதினதே வேற!"

"வினோஜ் குடுத்தத்தானே சொன்னேன்."

வினோஜ் முழித்தான். "நான் குடுக்கல அக்கா. மழையில கேக்காதுன்னு ஒரு வரியோட நிப்பாட்டிட்டேன்."

"அப்போ ஒரு பெண்ணு குடுத்தாளே?"

"எந்தப் பெண்ணு?"

அவள் கதவைப் பார்த்தாள். "உள்ள ஆரு இருக்கா?"

வாசலில் நின்ற குமாரதாஸ் சொன்னார். "ஆரும் இல்லம்மா. வீட்டுக்காரங்க சாமானப் போட்டுப் பூட்டிருக்காங்க. சாவி ஷார்ஜால."

மேடையில் அனுபவம் உள்ளவர்களுக்கு இப்படி வாயில் தானாக வசனம் வருவது உண்டு என்று எட்சன் சொன்னான். அவளும் தலையாட்டினாள். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அவள் அஞ்சுகிராமத்துக்காரி. கிழக்கே 'சொல்லமாட்டேன்' என்றுதான் வரும். 'பறையமாட்டேன்' என்பது மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சு. அவள் வாயில் அந்த வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை.

மறுநாளும் அதே இருட்டு, அதே கதவு. அன்றைக்கு மழை இல்லை. வினோஜின் குரல் நன்றாகவே கேட்டது. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. கதவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தது.

இந்த முறை முன்னால் வரவில்லை. அவள் பேசும்போது கூடவே பேசியது. அவள் ஒரு வார்த்தையை எடுத்தால் அதுவும் எடுத்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. இரண்டு பேர் சேர்ந்து ஜெபம் சொல்வதுபோல.

காட்சி பிரமாதம் என்றார்கள். மருமகளாக நடித்த நந்தனா அவளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு."

"ஒனக்கு வேற ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"இல்லியே. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அன்று மாலை இசபெல்லிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். 

"அக்கா, நீ வந்திரு. அந்த வீடு வேண்டாம்."

"வந்தா?"

"வந்தா என்ன? இங்க இரி. நான் சோறு போடமாட்டேனா?"

"ஏட்டி, இத விட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. இந்தத் தடவ என் கொரலு. உலகம் முழுக்கக் கேக்கும். அந்த பஸ்ல வந்தவளும் கேப்பா."

"அது ஒன் கொரலுதானாக்கா?"

ஜெபகுமாரி போனை வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நன்றாக நடித்ததும் இல்லை. அது அவளுக்கே தெரிந்தது. அந்த ருசியை விட மனம் வரவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு இடைவேளை. எல்லோரும் பின்பக்கம் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கூடத்தில் இருந்தாள். கறுப்புத் துணியை இன்னும் எடுக்கவில்லை. காலையில் எடுத்த காட்சியில் அந்தக் குரல் வரவே இல்லை. அவள் தன் பாட்டுக்கு வினோஜ் கொடுத்ததைச் சொல்லியிருந்தாள். காட்சியும் சுமாராகத்தான் வந்தது.

போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக் கர்த்தருடைய ஜெபத்தை வாய்விட்டுச் சொன்னாள்.

முதல் வரி சொல்லி நிறுத்தினாள்.

கதவுக்குப் பின்னால் அதே வரி.

மெதுவாக. தட்டுத் தடுமாறி. பாடம் படிக்கிற பிள்ளை சொல்வதுபோல…

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். பின்பக்கம் யாரோ சிரிக்கும் சத்தம். பாத்திரம் உருளும் சத்தம். அவ்வளவுதான்.

அடுத்த வரியைச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது.

அதுவும் திரும்பி வந்தது. இந்த முறை தடுமாற்றம் இல்லை.

மூன்றாவது வரி. அதுவும் வந்தது.

அப்போதுதான் அவள் கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தாள். வந்த வார்த்தைகளால் அல்ல. வந்த குரலால்.

அது அவளுடைய குரல்.

அதே கனம். அதே ஏற்ற இறக்கம். வாக்கியக் கடைசியில் அவள் இழுக்கிற அதே சின்ன இழுப்பு.

எழுந்து ஓடினாள். பந்தலில் எட்சன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்துத் தட்டை வைத்துவிட்டான்.

"என்ன அக்கா?"

"எட்சா… அந்தக் கதவு வேண்டாம். வேற எடத்துல எடு."

"இன்னும் ஒரே ஒரு பெரிய சீன்தானே அக்கா. தங்கம்மை வெடிக்கிற சீன். அதுக்காகத்தானே இந்த வீட்டையே பிடிச்சோம். நாளைக்கு அதோட இந்தக் கதவு வேலை முடிஞ்சுரும்."

அவள் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு மேலுக்கு முடியலன்னா சொல்லுங்க. சேனல்ல வேற ஆளு வச்சிருக்காங்க. நான்தான் பிடிவாதமா ஒங்கள…"

"முடியும். நான் பண்ணுகேன்" என்றாள் அவள்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. கூடம் நிறைய ஆட்கள். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஒரே மூச்சில் எடுக்க வேண்டிய காட்சி. இத்தனை நாள் அடங்கிக் கிடந்த தங்கம்மை, கதவுக்கு முன்னால் நின்று, கூடத்தில் நிற்கும் மகனைப் பார்த்துக் கத்துகிறாள்.

நீல விளக்கு எரிந்தது.

"ஆக்‌ஷன்."

அவள் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வினோஜ் முதல் வரியைக் கொடுத்தான். அவள் வாயைத் திறந்தாள்.

குரல் வந்தது.

கூடம் அதிர்ந்தது. விளக்குப் பிடித்திருந்தவன் ஒரு அடி பின்னால் போனான். மேடையில் மைக் இல்லாமல் பேசிய அந்தப் பழைய ஜெபகுமாரியின் குரல். வரி வரியாக, தடங்கல் இல்லாமல், அழுகையும் ஆங்காரமுமாக…

வேடிக்கை பார்த்த ஒரு பெண் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அதை ஜெபகுமாரி பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு அசைந்தது. கை அசைந்தது. ஆனால்…

தொண்டையில் அதிர்வு இல்லை.

மூச்சு போகவில்லை.

அவள் பேசவில்லை.

குரல் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது. கதவின் உள்ளேயிருந்து. அவள் பிடரியில் அதன் சூடு பட்டது.

நிறுத்த நினைத்தாள். வாயை மூட முடியவில்லை. உதடு அந்தக் குரலோடு சேர்ந்து ஓடியது. சரியாக. ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்.

கடைசி வரி முடிந்தது.

மழை.

"கட்! கட்! அக்கா!"

கைதட்டல். எட்சன் அழுதுகொண்டே வந்து அவள் காலைத் தொட்டான். அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். 'நான் பேசல்ல' என்று சொன்னாள்.

சத்தம் வரவில்லை.

மறுபடி சொன்னாள். வெறும் உதடு.

"என்னக்கா? கொரல் கட்டிக்கிச்சா? சுடுதண்ணி கொண்டாங்கலே!"

சுடுதண்ணீர் வந்தது. மிளகுப் பால் வந்தது. பிறகு கார் வந்தது. ஆஸ்பத்திரி, இன்னொரு ஆஸ்பத்திரி. எதிலும் ஒன்றும் தெரியவில்லை.

எட்சன் நல்லவன். அவளைத் தூக்கிவிட்டு வேறு ஆள் போடவில்லை. சீரியலுக்குக் குரல் எதற்கு, முகம் போதுமே. "நீங்க உதட்ட மட்டும் அசைங்கக்கா, மத்தத நான் பாத்துக்கிடுகேன்" என்றான். மிச்சக் காட்சிகளுக்கு அவள் அதே வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

இசபெல் தடுத்துப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. நடிப்பதற்காக அவள் போகவில்லை. தன்னுடையதைக் கேட்டு வாங்கப் போனாள்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் கதவில் காதை வைத்து நின்றாள். ஒன்றும் இல்லை. மேடையில் ஒரு காலத்தில் பேசியதையெல்லாம் உதட்டால் பேசிப் பார்த்தாள். கையால் தட்டிப் பார்த்தாள். கதவு சும்மா இருந்தது. வெறும் கதவு. மழைச் சத்தம் மட்டும்.

பிறகு அங்கே வேலை முடிந்தது. எல்லோரும் கிளம்பினார்கள்.

சீரியல் ஒளிபரப்பானது. தங்கம்மைக்கு ஷெர்லியே குரல் கொடுத்தாள். அந்தப் பெரிய காட்சிக்கும் அவள்தான். தங்கம்மைக்கு முதலிலிருந்து கடைசி வரை ஒரே குரல் இருக்க வேண்டும் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். ஜெபகுமாரியின் குரல் ஒரு நாள்கூட வெளியே வரவில்லை. கொஞ்ச நாளில் தங்கம்மையும் செத்துப் போனாள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால், ஏதோ நரம்புக் கோளாறு என்று விட்டுவிடலாம்.

ஒரு நாள் ஷெர்லி போன் செய்தாள். இசபெல் எடுத்தாள். ஷெர்லி தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அக்கா பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடாதீங்க. முதல்ல நீங்க கேளுங்க."

அவள் சொன்னது இதுதான். ஒரு இடத்தில் படம் எடுத்து முடித்ததும், எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தின் அமைதியை மட்டும் கொஞ்ச நேரம் பதிவு செய்வார்கள். டப்பிங் வசனத்துக்கு அடியில் அதைப் போட்டால்தான் இயல்பாக இருக்கும். அந்த வீட்டிலும் கடைசி நாள் அப்படிப் பதிவு செய்திருந்தார்கள். அன்று கூடத்தில் ஜெபகுமாரியும் நின்றிருந்தாள். மழையைத் தவிர யாரும் எதையும் கேட்கவில்லை.

டப்பிங் முடித்த நாளிலிருந்தே அந்தப் பதிவு ஷெர்லியின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஹெட்போனில் கேட்டவள் அவள்தான். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தாள். இப்போது அதை இசபெல்லின் போனுக்கு அனுப்பினாள்.

இசபெல் மறைக்கப் பார்த்தாள். ஜெபகுமாரி போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். இசபெல்லும் தலையைச் சேர்த்து வைத்தாள்.

மழைச் சத்தம்.

மழைக்கு அடியில்… தொலைவில்… ஜெபகுமாரியின் குரல்.

நடிக்கிற குரல் அல்ல. வீட்டில் பேசுகிற குரல்.

"எல்லாரும் போறியளா?… ஏட்டி, இசபெல்லு… நான் இங்கல்லா இருக்கேன்… என்னைய விட்டுட்டா போறிய?"

பிறகு, அதன் பக்கத்திலேயே, தாழ்ந்த இன்னொரு பெண் குரல். அவசரமில்லாமல்.

"பறையாதே."

அவ்வளவுதான். மறுபடி மழை.

இசபெல் அழுதாள். ஜெபகுமாரி அழவில்லை. பதிவை மீண்டும் மீண்டும் போட்டுக் கேட்டாள். பிறகு போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

அவர்கள் போன நேரம் அந்த ரப்பர் தோட்டத்து வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஷார்ஜாவில் இருந்து யாரோ உறவினர் கையில் சாவி வந்திருந்தது. ஈரத்தில் சாமான்கள் கெட்டுப் போகாமல் இருக்க, அறையைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். குமாரதாஸுக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது.

"வாங்கம்மா. ஒடம்பு சொகமாச்சா?"

இசபெல் கதவைக் காட்டினாள். "அதைக் கொஞ்சம் தொறக்கணும்."

"அதுக்கென்ன? இப்பத் தொறக்கத்தான் போறேன்."

பூட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தார். உள்ளே இரண்டு கட்டில், சுருட்டிய மெத்தைகள், துணி போட்டு மூடிய ஒரு பழைய டிவி. எல்லாவற்றின் மேலும் தடித்த தூசி. தரையில் தூசி கலையவே இல்லை. ஒரு காலடிகூட இல்லை.

"பாத்தீங்களா? ஒண்ணும் இல்ல" என்றார் குமாரதாஸ்.

ஜெபகுமாரி உள்ளே போனாள். அறையைப் பார்க்கவில்லை. திரும்பி, கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள்.

அயினிப் பலகை முழுக்கத் தூசி. ஒரு இடத்தில் மட்டும் தூசி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு, பளபளவென்று ஈரம். அவள் நேராக நின்றால் அவள் வாய் இருக்கும் உயரம்.

குமாரதாஸ் தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். "மழ ஈரமாக்கும்."

பலகை காய்ந்தது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெல்ல… ஓரத்தில் இருந்து நடுவுக்கு… மறுபடி ஆவி படிந்தது.

குறைந்தது.

படிந்தது.

குறைந்தது.

குமாரதாஸ் துண்டை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தார். இசபெல் அக்காளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் கதவை இழுத்துப் பூட்டினார். வீட்டுக்காரருக்கு அங்கேயே போன் போட்டார். அவர் என்ன சொன்னாரோ, "ஓ… ஓ… சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பூட்டியே கெடக்கட்டும்னு பறஞ்சிட்டாரு. இனி தொறக்கப்பிடாதாம்."

ஜெபகுமாரி அவர் கையைப் பிடித்தாள். வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. இசபெல்லுக்கும் புரியவில்லை.

"நீங்க போங்கம்மா" என்றார் அவர். "எனக்கு வீடு தூத்து வாரணும். திங்கக்கிழம வேற சீரியல்காரங்க வாறாங்க. அவங்களுக்கும் இந்தக் கதவுதான் வேணுமாம்."